அவன் கேட்கட்டும், நீங்கள் வாசியுங்கள்

கேள்வி:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் தரம் 3 படிக்கிறான், எட்டு வயது. மகளுக்கு நான்கு வயது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நான் அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். மகன் பாடப்புத்தகத்தைத் தடங்கலின்றி வாசிப்பான். வகுப்பில் நல்ல புள்ளிகளும் எடுக்கிறான். கதைப்புத்தகம் என்றால் மட்டும் ஓடி ஒளிகிறான். கொழும்புக்குப் போனபோது பன்னிரண்டு புத்தகங்கள் வாங்கி வந்து கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். தினமும் இரவு ஏழு மணிக்கு இரண்டு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். பிழைகளைப் பென்சிலால் குறித்துத் திருத்துவேன். பிறகு ஐந்து கேள்விகள் கேட்பேன். கதைச் சுருக்கத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இருபது நிமிடம் கைத்தொலைபேசி கொடுப்பேன். இப்போது அந்த நேரம் வந்தாலே தலையிடிக்கிறது என்கிறான். சாட்டு என்று நினைக்கிறேன். அம்மம்மா கதை சொன்னால் நித்திரை மறந்து கேட்பான். அம்மம்மா அதிகம் படிக்காதவர். இன்னும் இரண்டு வருடத்தில் புலமைப்பரிசில் பரீட்சை. சனிக்கிழமைகளில் வாசிப்பு வகுப்பு ஒன்று நடக்கிறதாம், சேர்க்கலாமா? மகளுக்கு இப்போதே எழுத்துப் பழக்க வேண்டுமா?

திருக்கோவிலிலிருந்து ஒரு தாய்

பதில் (ஓய்வுபெற்ற ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர், மட்டக்களப்பு):

அன்பின் தங்கச்சிக்கு,

கடிதத்தில் முதலில் என்னை நிறுத்தியது தலையிடி. அது சாட்டாகவே இருக்கலாம். எட்டு வயதுப் பையன்களுக்கு அந்தக் கலை நன்றாகவே கைவரும். ஆனாலும் சாட்டு என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னர் கண்ணைக் காட்டிவிடுங்கள். தூரத்தில் உள்ளது தெரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும், ஆசிரியர் கவனித்துவிடுவார். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கச் சிரமப்படுகிற பிள்ளையை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அது கரும்பலகையைத் தெளிவாகப் பார்க்கும், பந்தைத் தவறாமல் பிடிக்கும், புத்தகத்தை மட்டும் மூடி வைத்துவிடும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 4இல் வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் எந்த அரச வைத்தியசாலையில் எந்த நாளில் கண் கிளினிக் நடக்கிறது என்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கண்ணில் குறை இருந்தால், கீழே நான் எழுதப்போவதில் பாதி தேவைப்படாமலே போகலாம்.

குறை இல்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மம்மா கதை சொன்னால் நித்திரை மறந்து கேட்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கதை பிடிக்காது என்று யாரால் சொல்ல முடியும்? அவனுக்குப் பிடிக்காதது ஏழு மணி. காலையிலிருந்து பாடசாலையில் வாசித்து, பிழை திருத்தப்பட்டு, கேள்விக்கு விடை சொல்லி, கொப்பியில் எழுதிவிட்டு வருகிறவனுக்கு இரவிலும் ஒரு பாடசாலை திறக்கிறது. அதற்கு அதிபர், ஆசிரியர், பரீட்சை மேற்பார்வையாளர் எல்லாமே அம்மாதான். பகலில் நாற்பது பேருக்கு நடுவே ஒளிந்துகொள்ளவாவது இடமிருந்தது, இரவில் அதுவும் இல்லை.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அலுவலகம் விட்டு வந்து, சமைத்து, சின்னவளையும் பார்த்துக்கொண்டு, கணவர் பக்கத்தில் இல்லாத வீட்டில் ஒவ்வொரு நாளும் மகனோடு உட்காருகிறீர்கள். அப்படி உட்காருவதை விடாதீர்கள், அதில் நடக்கும் வேலையை மாற்றிவிடுங்கள். இன்றிலிருந்து அவன் உங்களுக்கு வாசிக்க வேண்டாம். நீங்கள் அவனுக்கு வாசியுங்கள். பென்சில் வேண்டாம், ஐந்து கேள்வி வேண்டாம், சுருக்கம் வேண்டாம். பரிசும் வேண்டாம்.

பரிசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அக்கறையுள்ள தாய்மார்தான் இதை அதிகம் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில் நடந்த ஆய்வொன்றை மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973இல் வெளியிட்டார்கள். வண்ணப் பேனையால் படம் வரைய ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடிந்த பின்னர் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, யாரும் கேட்காமல் தாங்களாக வரைகிறார்களா என்று பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் செலவிட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளின் விருப்பம் குறையவில்லை. ஆகவே கெடுதி சான்றிதழில் இல்லை, முன்கூட்டிப் பேசிய பேரத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பேரத்தில் வாசிப்பு வேலை, கைத்தொலைபேசி சம்பளம். எது இனிப்பு, எது கசப்பு என்று அவனுக்குப் படிப்பித்தாகிவிட்டது. கைத்தொலைபேசிக்கு ஒரு நேரம் கொடுப்பதென்றால் கொடுங்கள். மாலையில் விளையாடி வந்ததும் கொடுங்கள். வாசிப்போடு மட்டும் அதை முடிச்சுப் போடாதீர்கள்.

“வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஏன் வாசித்துக் காட்ட வேண்டும், அது சின்னக் குழந்தைகளுக்கு அல்லவா?” என்று உங்களுக்குத் தோன்றும். பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். தமிழைப் பொறுத்தவரை இதற்கான விடை கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது.

தமிழ் வாசிக்கப் பழகுகிற பிள்ளை இரண்டு கட்டங்களைக் கடக்க வேண்டும். முதலாவது எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. உயிர்மெய்க் குறிகளான கொம்பும் அரவும் விசிறியும் பிடிபட்டாலும், ஒரே ககரம் ‘கல்’ என்பதில் ஒரு விதமாகவும் ‘பகல்’ என்பதில் வேறு விதமாகவும் ‘தங்கம்’ என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும். இந்தக் கட்டத்தை உங்கள் மகன் தாண்டிவிட்டான், அது அவனுடைய ஆசிரியரின் உழைப்பு. இரண்டாவது கட்டம் கண்ணுக்குத் தெரியாதது. நாம் வீட்டில் பேசுகிற தமிழ் ஒன்று, அச்சில் கிடக்கிற தமிழ் இன்னொன்று. அம்மம்மா ‘வாறன்’ என்பார்; புத்தகத்தில் ‘வருகிறேன்’ என்று இருக்கும். அவன் ஓடுவது சைக்கிள். பாடப்புத்தகத்தில் அதுவே துவிச்சக்கரவண்டி, நீங்கள் வாங்கி வந்த புத்தகங்களில் தமிழ்நாட்டில் அச்சானவை இருந்தால் அங்கே மிதிவண்டி. வாக்கியம் நீளும்போது சிக்கல் கூடுகிறது. ‘சென்றுகொண்டிருந்தபோது’, ‘காணப்படாததால்’ என்றெல்லாம் நம் ஊரில் யாரும் பிள்ளையோடு பேசுவதில்லை. அந்தச் சொற்களை அவன் உச்சரித்துவிடுவான், ஆனால் உச்சரிக்கும் களைப்பில் கதை கைநழுவிப் போய்விடும்.

ஃபிலிப் கோஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பைப் பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை, கேட்ட மொழியை விளங்கிக்கொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதே வாசித்து விளங்குதல். கூட்டல் என்றால் ஒன்றில் உள்ள குறையை மற்றது ஈடுகட்டிவிடும். பெருக்கலில் ஒரு பக்கம் பூச்சியமானால் விடையும் பூச்சியம். “தடங்கலின்றி வாசிப்பான்” என்று நீங்கள் எழுதியது இந்தக் கணக்கின் முதல் எண்ணைப் பற்றி மட்டுமே. பாடப்புத்தகப் பாடங்களை ஆசிரியர் வகுப்பில் வாசித்து, விளக்கி, மீண்டும் வாசிக்கச் செய்திருப்பார். பாதி மனப்பாடமாகவே இருக்கும். கதைப்புத்தகத்தை அவன் தனியே எதிர்கொள்கிறான். இரண்டாவது எண்ணைப் பெரிதாக்குவதற்கு அந்தத் தமிழை அவன் காது நிறையக் கேட்க வேண்டும். அதற்கு ஒருவர் வாசிக்க வேண்டும்.

காதால் இந்தத் தமிழைப் பழகுவது நம் பகுதிக்குப் புதிதல்ல. தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் உங்களுக்குக் கூப்பிடு தூரம். வைகாசியில் கதவு திறந்து திருக்குளிர்த்திச் சடங்கு முடியும்வரை கண்ணகி வழக்குரை காவியத்தைப் பாடுகிறார்கள் அல்லவா? பார்த்துப் பாடுகிறவர்கள் சிலர், கேட்கிறவர்கள் ஊர் முழுவதும். அது சந்தையில் பேசுகிற தமிழ் இல்லை. ஆனால் பாடசாலைப் பக்கமே போகாத கிழவிகள் அந்தக் கூட்டத்தில் இருந்துகொண்டு, அடுத்த அடி வருவதற்கு முன்பே வாய்க்குள் அதை முணுமுணுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறது. அர்ச்சுனன் யார், கர்ணன் யார் என்று அங்கே வருகிற பிள்ளைகளுக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. ஒருவர் படிக்கப் பலர் கேட்பதுதான் இங்கே நெடுங்காலம் வாசிப்பாக இருந்தது. தனியே மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் படிப்பது பின்னால் வந்தது.

இனி இதை வீட்டில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் நுளம்பு வலைக்குள் போன பிறகு பதினைந்து நிமிடம் போதும். நீங்கள் நடுவில், பிள்ளைகள் இரு பக்கமும், பக்கங்கள் இருவருக்கும் தெரியும்படி புத்தகம். அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பங்கை அம்மம்மா ஏற்கெனவே நன்றாகச் செய்கிறார். விளங்காத சொல் வந்தால் விரிவுரை நடத்தாமல், அதே மூச்சில் நம் சொல்லையும் சேர்த்துவிட்டுப் போங்கள்: “மிதிவண்டியில், சைக்கிளில், ஏறினான்.” குரலை மாற்றி நடிக்க வேண்டுமா என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கூத்துக் கட்டத் தேவையில்லை. மெதுவாக வாசித்தால் போதும். பெரும்பாலான தாய்மார் வேகமாக வாசிக்கிறார்கள். சமையலறையில் பாத்திரங்கள் காத்திருக்கின்றன, பாவம்.

கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கெஞ்சுவான், அசையாதீர்கள். புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்து, விளக்கை அணைக்காமல், அந்தப் பாத்திரங்களைக் கழுவப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது அவன் அதைப் புரட்டிக்கொண்டிருந்தால் கண்டும் காணாதது போல இருங்கள். “பாருங்கள், தானாக வாசிக்கிறான்!” என்று அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினீர்களோ, அடுத்த ஒரு வாரம் அந்தப் புத்தகத்தைத் தொட மாட்டான்.

சின்னவள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். நான்கு வயதில் அது இயல்பு. ஒவ்வொரு தடவையும் அவள் வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறாள். பெரியவனுக்குச் சலிக்கும், சண்டை வரும். ஒரு நாள் அவள் தெரிவு, மறுநாள் அவன் தெரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சலிப்புத் தாங்காமல் “நான் வாசித்து முடிக்கிறேன்” என்று அவன் புத்தகத்தைப் பிடுங்கி அவளுக்கு வாசிக்கத் தொடங்கினால் உங்களுக்குப் பெரும் அதிர்ஷ்டம். அவளுக்கு அவன் பெரிய பண்டிதன். பிழை விட்டாலும் அவளுக்குத் தெரியாது. எட்டு வயதுப் பிள்ளை சத்தமாக வாசிப்பதற்கு அதைவிடப் பாதுகாப்பான சபை கிடைக்காது.

கேள்வியே கேட்கக் கூடாதா? கேட்கலாம், உங்களுக்கே விடை தெரியாத கேள்வியாக இருந்தால். “இந்தக் கிழவர் ஏன் பொய் சொல்கிறார், எனக்கு விளங்கவில்லையே” என்று நீங்கள் உண்மையாகவே குழம்பினால் அவன் பேச வருவான். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பரீட்சை வாடை அவனுக்கு உடனே தெரிந்துவிடும். முக்கியமாக, “இக்கதையால் நாம் அறியும் படிப்பினை யாது?” என்ற வாக்கியத்தை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள். நம் பாடசாலைகளில் எந்தக் கதையும் படிப்பினை இல்லாமல் தப்பியதில்லை. ஆமையும் முயலும் ஓடிக் களைத்து நிற்கும்போதே நாங்கள் கரும்பலகையில் ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று எழுதத் தொடங்கிவிடுவோம்.

அவனாக வாசிக்க விரும்பும் நாட்களும் வரும். அப்போது இருவரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் வாசியுங்கள். உங்கள் வேகத்தை அவனுக்கு ஏற்பக் குறையுங்கள். தனியாகப் போகலாம் என்று தோன்றும்போது உங்கள் கையில் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். தட்டியதும் நீங்கள் மௌனமாகிவிட வேண்டும். எங்காவது தடக்கினால் ஐந்து விநாடி பொறுத்து, சொல்லைச் சொல்லிக்கொடுத்து, மீண்டும் சேர்ந்து வாசியுங்கள். ‘கூறினான்’ என்பதை ‘சொன்னான்’ என்று வாசித்தானா? விட்டுவிடுங்கள், அவன் விளங்கி வாசிக்கிறான் என்பதற்கு அது சாட்சி. கருத்தே மாறினால் மட்டும் திருத்துங்கள். நீந்தப் பழகுகிறவன் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கும்போதெல்லாம் கரையிலிருந்து ‘கையை மடக்காதே’ என்று கத்தினால் அவன் கரையேறி வீட்டுக்குப் போய்விடுவான்.

அந்தப் பன்னிரண்டு புத்தகங்களையும் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். புதுப் புத்தகம் அழுக்காகும் என்று அலுமாரியில் பூட்டி, திறப்பை அதிபரின் மேசை லாச்சியில் வைத்திருந்த பாடசாலைகளை என் வேலைக் காலத்தில் நிறையப் பார்த்தேன். மேற்பார்வைக்கு யாராவது வரும்போது மட்டும் திறப்பார்கள். புத்தகங்களைக் கட்டிலின் கீழே, விறாந்தைக் கதிரையில், சாப்பாட்டு மேசையில் கிடக்க விடுங்கள். சின்னவள் இரண்டைக் கிழிப்பாள், பசை போட்டு ஒட்டலாம். பன்னிரண்டும் உங்கள் தெரிவு என்பதையும் மறக்க வேண்டாம். மகனுக்கு எது பிடிக்கும் என்று கடிதத்தில் ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை. கிரிக்கெட்டா, பாம்பா, லொறியா? கிரிக்கெட் என்றால் பத்திரிகையின் கடைசிப் பக்கமும் வாசிப்புத்தான். சித்திரக்கதையும் வாசிப்புத்தான். ‘கதைப்புத்தகம் என்றால் நீதிக்கதை’ என்ற நினைப்பை நாம் விட்டால் பிள்ளைகளுக்குப் பாதித் தடை நீங்கிவிடும்.

பணம் செலவழிக்காமலும் புத்தகம் கிடைக்கும். உங்கள் பிரதேச சபையின் பொது நூலகத்தில் சிறுவர் பகுதியில் அவன் பெயரிலேயே அங்கத்துவம் எடுங்கள், படிவத்தில் கையெழுத்தை அவனே போடட்டும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் அந்நாட்களில் நூலகங்களில் கண்காட்சிகளும் போட்டிகளும் நடக்கும். கண்காட்சிக்குக் கூட்டிப் போங்கள், போட்டிக்கு அவன் கேட்டால் மட்டும் பெயர் கொடுங்கள். இணைய வசதி இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக இருக்கின்றன. வாசிப்பு மட்டத்தின்படி பிரித்திருக்கிறார்கள். இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம்.

இப்போது அம்மம்மா. அதிகம் படிக்காதவர் என்று கொஞ்சம் குறைவாக எழுதிவிட்டீர்கள். உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பெரிய வாசிப்புச் சாதனம் அவர்தான். கதைக்கு ஒரு தொடக்கம் உண்டு, நடுவில் ஏதோ குழப்பம் வரும், முடிவில் அது எப்படியோ தீரும் என்கிற அமைப்பையெல்லாம் உங்கள் மகன் அவரிடமிருந்துதான் கற்றிருக்கிறான். அதை அச்சோடு இணைத்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மம்மா கதை சொல்ல, நீங்கள் எழுதுங்கள். அவர் சொல்கிறபடியே உரையாடலையும், இடையில் புத்தக நடையில் விவரிப்பையும் வைத்து, ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள். பக்கத்தின் பாதியை வெறுமையாக விடுங்கள். மகன் படம் கீறட்டும், சின்னவள் நிறம் தீட்டட்டும். நூலால் தைத்து, அட்டையில் ‘சொன்னவர் அம்மம்மா, படம் இன்னார்’ என்று பெயர் போடுங்கள். அவன் அதை வாசிப்பான். ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே காதில் இருப்பதால் கண் தடக்காது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவான், நீங்கள்தான் போதும் என்று சொல்ல வேண்டி வரும்.

என்ன கதை என்பதை அம்மம்மாவிடமே விடுங்கள். நரிக் கதையாக இருக்கலாம், வயலுக்குள் யானை வந்த இரவாக இருக்கலாம். அவருக்கு அறுபது தாண்டியிருந்தால் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி நினைவிருக்கும். கூரை பறந்தது, தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தது, விடிந்து பார்த்தபோது ஊர் அடையாளம் தெரியாமல் கிடந்தது என்று கிழக்கில் அந்தத் தலைமுறையில் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். 2004 மார்கழியை மட்டும் நீங்களாகக் கேட்டு எழுத வைக்காதீர்கள். திருக்கோவில் கரையில் அது இன்னும் கதையாக ஆறவில்லை. அதைப் பேரப்பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது என்று அவருக்குத் தெரியும்.

பிள்ளைகளின் தந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே இரவு எட்டரை என்றால் கட்டாரில் மாலை ஆறு. வேலை முடிந்திருந்தால் புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அவர் அங்கிருந்து வாசிக்கட்டும். நேரம் ஒத்துவராத நாட்களில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். மகன் அதைப் போட்டுக் கேட்டபடி புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டு போகலாம். வேண்டுமென்றால் திருப்பித் திருப்பிக் கேட்கலாம், யாரும் களைக்க மாட்டார்கள். “சாப்பிட்டாயா, படித்தாயா” என்ற இரண்டு கேள்வியோடு தொலைபேசி கைமாறுகிற வீடுகளில் இது தகப்பனுக்கும் நல்லது. அவருக்கு வாசிக்கக் கூச்சமாக இருந்தால், தான் மகன் வயதில் செய்த குழப்படி ஒன்றைச் சொல்லிப் பதிவு செய்யட்டும். அதை எழுதி இரண்டாவது புத்தகமாகத் தைத்துவிடுங்கள்.

மகளுக்கு எழுத்துப் பழக்க அவசரப்பட வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் தன் மருத்துவர்களுக்குச் சொன்னது, பிறந்த பருவத்திலிருந்தே பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும்படி பெற்றோரை ஊக்குவியுங்கள் என்பதே. அண்ணனுக்கு வாசிக்கும்போது பக்கத்தில் கிடந்தாலே அவளுக்கு வேண்டியது கிடைத்துவிடும். தன் பெயரின் முதல் எழுத்தை எங்காவது கண்டு “இது என்னுடைய எழுத்து” என்று அவளாகவே கத்துவாள், அப்போது ஆமாம் என்று சொல்லுங்கள்.

புலமைப்பரிசிலைப் பற்றி நீங்கள் எதிர்பார்க்கும் ஆறுதலை என்னால் தர முடியாது. வாசிப்பு உதவும், ஆனால் மெதுவாக உதவும். அடுத்த தவணைப் பரீட்சையில் நீங்கள் அதைக் காண மாட்டீர்கள். வினாவை ஒருமுறை வாசித்ததும் விளங்குகிற பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் நேரம் மிஞ்சும், அவ்வளவுதான் நான் உறுதியாகச் சொல்வேன். மாதிரி வினாத்தாள் கட்டுகளை வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். கதை நேரத்தைப் பரீட்சைக்கான முதலீடாக நினைத்து உட்கார்ந்தீர்களானால் உங்கள் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

எத்தனை நாளில் பலன் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அவன் உங்களைச் சந்தேகப்படுவான். கதை முடிந்ததும் ஐந்து கேள்வி எங்கே என்று முகத்தைப் பார்ப்பான், பேரம் போன கோபத்தில் கைத்தொலைபேசியும் கேட்பான். அதைப் பொறுத்துக்கொண்டால் மார்கழி விடுமுறை உங்களுக்குக் கைகொடுக்கும். மாரி மழையில் விளையாடப் போக முடியாது, மின்சாரமும் அடிக்கடி போகும், ரியூஷனும் இருக்காது. நீளமான ஒரு கதையை அப்போது தொடங்குங்கள்.

சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு வேண்டாம். எழுத்தை ஒலியாக்கத் தெரியாத பிள்ளைக்கு அப்படி ஒரு வகுப்பு உதவலாம், இவனுக்குத் தேவையில்லை. அதற்குக் கொடுக்க நினைத்த கட்டணத்தில் மாதம் ஒரு புத்தகம் வாங்கலாம். அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ பஸ்ஸில் கூட்டிப் போங்கள், பணத்தை அவன் கையில் கொடுங்கள், எதை வாங்குவது என்று அவன் முடிவெடுக்கட்டும். நீங்கள் கடைக்கு வெளியே நில்லுங்கள்.